உப்பில்லாப் பத்தியம்

கணியம்பாடி
1926 ஜூலை 4

சௌபாக்கியவதி தங்கை அமிர்தவள்ளிக்கு அண்ணன் ரத்தினசாமியின் ஆசீர்வாதம். இங்கே உன் அண்ணியும் பிள்ளைகளும் சுகம். உங்கள் சுகத்தை எழுத ஒரு கார்டு கூடவா ஆம்பூரில் கிடைக்கவில்லை?

மாப்பிள்ளை வேலாயுதத்துக்கு மருந்து தயார். போன மாதம் வந்தபோது, "மச்சான், கம்பெனி மொதலாளி சாயபு வயசானவங்கள ஒவ்வொருத்தரா கம்மி பண்றாரு. என் நரையையே பாத்துட்டு கீறாரு" என்று சொன்னாரே, அது என் மனசைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் அப்பா கைமுறைப்படி தாளக பற்பம் செய்தேன். தோல் கம்பெனியில் மயிர் கழியச் சுண்ணாம்புக் குழியில் போடுகிற அதே மஞ்சள் தாளகம்தான். மாப்பிள்ளையே கொண்டுவந்து கொடுத்தார். பஜார் சரக்கில் கலப்படம் ஜாஸ்தி. இது முதல் தரம். விஷமாச்சே என்று நீ கண்ணை உருட்டுவது இங்கே தெரிகிறது! சுண்ணாம்பு நீரில் சுத்தி செய்து, புடம் போட்டு எடுத்துவிட்டால் கல்லின் கெட்ட குணம் போய்விடும். நரை திரை தள்ளிப் போகும். காலரா வந்த தெருவிலும் தைரியமாக நடக்கலாம்.

காலையும் மாலையும் வெண்ணெயில் குழைத்துக் கொடு. பத்தியம் உன் பொறுப்பு. புளி, கடுகு ஆகாது. உப்பு ஆகவே ஆகாது. ஒரு கல் விழுந்தாலும் மருந்து திரும்பித் தாக்கும். மாங்காய்க்கு உப்பு எடுக்க உறியைப் பிடித்துத் தொங்கி விழுந்தவள் நீ. அதனால்தான் இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
ரத்தினசாமி


ஆம்பூர்
1926 செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு அமிர்தம் நமஸ்காரம். நாங்கள் நல்ல சுகம். கார்டு போடாத குற்றத்துக்குக் கவரே போட்டுவிட்டேன், கோபம் தீர்ந்ததா?

உங்கள் கைராசியை என்னவென்று சொல்ல! இவர் முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்திருக்கிறது. பசி எடுக்கிறது. நிசார் அஹமது சாயபுவே கூப்பிட்டு, "இன்னா மேஸ்திரி, புது மாப்ள மாதிரி ஆய்ட்டே!" என்று சிரித்தாராம். அன்று இவர் கால் தரையில் இல்லை. அடுத்த வருஷமும் வேலை உண்டு என்று சொல்லிவிட்டார்.

சோற்று வேளைதான் பேஜார். "ஒரே ஒரு ஊறுகாத் துண்டு, அமிர்தம். உங்கண்ணன்கிட்ட நான் சொல்லமாட்டேன்" என்று குழந்தை மாதிரி கெஞ்சுகிறார். நான் மசியவில்லை. அவர் எதிரில் உப்புப் போட்டுத் தின்ன எனக்கும் வாய் வரவில்லை, அதனால் நானும் அதே பானைச் சோறுதான். வீட்டில் இருந்தால்தானே ஆசை என்று உப்புப் பானையை அப்படியே தூக்கி அடுத்த வீட்டு நாத்தனாரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டு உப்பை வெளியே கொடுக்கிறாயே என்று அவள் முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
அமிர்தம்


ஆம்பூர்
1927 ஜனவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு அமிர்தம் நமஸ்காரம். பொங்கல் சீர் வந்து சேர்ந்தது. பொங்கல் பொங்கியது, இவர்தான் எழுந்து உட்காரவில்லை.

மார்கழியிலிருந்தே, "காலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது தரையில் கால் வைத்தால் தரை தெரியவில்லையாம். வாந்தியும் நிற்கவில்லை. மார்பிலும் முதுகிலும் புழுதியில் தூறல் விழுந்தாற்போல் புள்ளி புள்ளியாக இருக்கிறது. உள்ளங்கையில் மிளகு மிளகாகக் காய்த்துப் போயிருக்கிறது.

நேற்று சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிற முனிரத்தினம் பார்க்க வந்தான். அவன் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழும்போது பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் ஒன்றுபோல் இருந்தன. அவன் வருஷக்கணக்காகக் குழியில் கைவிடுகிறவன். இவர் மேஸ்திரி, குழியைத் தொட்டே எத்தனையோ காலம் ஆகிறது. அண்ணா, குழியில் இருப்பது சுண்ணாம்பும் தாளகமும். மருந்தில் இருப்பது தாளகமும் சுண்ணாம்பும். நிறுத்தட்டுமா? நான் சொன்னால் இவர் கேட்கமாட்டார். "மச்சான் சொல்லட்டும்" என்கிறார். உடனே எழுதுங்கள்.

அமிர்தம்


கணியம்பாடி
1927 ஜனவரி 22

சௌபாக்கியவதி அமிர்தவள்ளிக்கு ஆசீர்வாதம்.

மருந்தைக் குழிச் சேற்றோடு சேர்த்து எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அது பச்சைச் சரக்கு. இது புடத்தில் வெந்தது. நம் அப்பா கொடுத்து எழுந்து நடந்தவர்களை நீயும்தான் பார்த்திருக்கிறாய்.

நீ எழுதிய குறிகள் அத்தனையும் பத்தியம் முறிந்த குறி. அவர் கெஞ்சினார் என்று நீயே எழுதினாய். உன் மனசு எனக்குத் தெரியாதா? பாவம் பார்த்து ஒரு நாள் ஒரு கல் உப்புப் போட்டிருப்பாய். உண்மையைச் சொல், திட்டமாட்டேன். மருந்து பிசகாது அமிர்தம், அடுப்படிதான் பிசகும். மாப்பிள்ளைக்கும் இதையே தனியாக எழுதியிருக்கிறேன். முறிந்த பத்தியத்துக்கு ஈடாக அளவை இரட்டிப்பாக்கு. நிறுத்தினால்தான் ஆபத்து.

ரத்தினசாமி


ஆம்பூர்
1927 ஆகஸ்ட் 11

அண்ணாவுக்கு அமிர்தம் எழுதுவது.

சித்திரையில் அவர் போனார். அதன் பிறகு இன்றுதான் பேனாவைத் தொடுகிறேன். கடைசி நாட்களில் அவரும் என்னைப் பார்த்து, "போட்டிருந்தா போட்டேன்னு சொல்லிடு அமிர்தம், நான் கோவிச்சிக்க மாட்டேன்" என்றார். அவரும் நம்பவில்லை. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பதினாறாம் நாள் நீங்கள் பிறந்த வீட்டுக் கோடியை என் தோளில் போட்டபோது, நாத்தனார் ஊர் கேட்க, "உப்பப் போட்டே எங்கண்ணன கொன்னுட்டியேடி!" என்று அலறினாள். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று உங்கள் முகத்தையே பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். இப்போது குழாயடிக்குப் போனால் பெண்கள் ஒதுங்கி நிற்கிறார்கள்.

போகட்டும். எனக்கும் தேகம் தளர்ந்துவிட்டது. அவருக்குக் கொடுத்த அதே மருந்தை, அதே அளவில், எனக்கும் அனுப்புங்கள். பத்தியம் நான் காப்பேன்.

அமிர்தவள்ளி


கணியம்பாடி
1927 ஆகஸ்ட் 16

அன்புத் தங்கை அமிர்தவள்ளிக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் கண்டு என் பாதி பாரம் இறங்கியது. மருந்தின்மேல் உனக்கு மறுபடி நம்பிக்கை வந்ததே போதும். பழையதை மறந்துவிடு, நானும் மறந்துவிட்டேன். பொட்டலம் இத்துடன் வருகிறது. தீர்ந்தால் எழுது. நீ நீண்ட நாள் இருக்க வேண்டும் அம்மா, எனக்கென்று கூடப் பிறந்தவள் நீ ஒருத்திதானே. உப்பு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை.

உன் அண்ணன்,
ரத்தினசாமி


ஆம்பூர்
1928 பிப்ரவரி 26

அண்ணாவுக்கு,

நீங்கள் அனுப்பிய பொட்டலங்கள் எல்லாம் தீர்ந்தன, கடைசியாக வந்ததில்தான் கொஞ்சம் மீதி. பத்தியத்தை எப்படிக் காத்தேன் என்று சொல்லவேண்டும். தினமும் கஞ்சியை எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனேன். ஒரு வாய் அவளைக் குடிக்கச் சொன்னேன். "உப்பு கீதா பாருங்க" என்று கேட்டு, இல்லை என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் குடித்தேன். முதலில் பைத்தியம் என்று சிரித்தாள். அப்புறம் சிரிக்காமல் குடித்துப் பார்த்துச் சொன்னாள்.

முதலில் என் முகமும் மினுமினுத்தது. தீபாவளிக்குப் பின் காலில் எறும்பு ஊர்ந்தது. இப்போது மார்பில் புள்ளிகள் வந்துவிட்டன. உள்ளங்கையில் காய்ப்பு ஆரம்பித்திருக்கிறது. நேற்று கையை நீட்டிக் காட்டினேன். நாத்தனார் கையைத் தடவிப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன். அடுத்து என்ன செய்யட்டும்? அளவை இரட்டிப்பாக்கட்டுமா?

அமிர்தவள்ளி


கணியம்பாடி
1928 பிப்ரவரி 29

அமிர்தம், நிறுத்து.

இந்தக் கடிதத்தைப் பார்த்த கணமே நிறுத்து. ஒரு துளி தொடாதே. மீதியைக் கிணற்றிலோ பாலாற்றிலோ போட்டுவிடாதே, யாராவது குடித்துவிடுவார்கள், ஆழத் தோண்டிப் புதை. பாலும் மோரும் நிறையக் குடி. ஐயோ, ஏன் அம்மா இப்படிச் செய்தாய்? அது தாளகம் அம்மா, தாளகம்! நான் இதுவரை மிதிக்காத வெள்ளைக்காரன் ஆஸ்பத்திரிக்கு உன்னை நானே தூக்கிப் போகிறேன், டாக்டர் காலில் விழுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறுகிறேன். அதுவரை உயிரைப் பிடித்துக்கொண்டிரு.

அண்ணன்


ஆம்பூர்
1928 மார்ச் 3

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு வார்த்தையைத் தேடித் திரும்பத் திரும்பப் படித்தேன். அது இல்லை. உப்புப் போட்டாயா என்று இந்த முறை நீங்கள் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் போன வருஷம் தையில் வந்திருக்க வேண்டும். நிறுத்து என்று நீங்கள் எழுதியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார். உங்கள் எழுத்துக்காகத்தான் காத்திருந்தார்.

நீங்கள் வரவேண்டாம். வந்தாலும் கதவு திறக்காது. ஆஸ்பத்திரிக்கு நாத்தனார் கூட்டிப் போகிறேன் என்கிறாள். பிழைப்பேனா தெரியாது. மீதி மருந்தை முனிரத்தினம் புதைத்துவிட்டான்.

உங்கள் கடிதத்தை நாத்தனாருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போய், என் உப்புப் பானையைக் கொண்டுவந்து அடுப்பு மேட்டில் வைத்தாள். இன்று கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தேன்.

வேலாயுதம் சம்சாரம்,
அமிர்தவள்ளி