அஸ்வினின் வண்டியில் அரிசிப் பை

ஹாடோ, போர்ட் பிளேர்
ஆகஸ்ட் 11

அன்பு மகள் ஸ்வப்னாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் முதலில் எழுதினேன், உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு எதற்குப் பொய் என்றாள், அதனால் உள்ளதையே சொல்கிறேன். அவளுக்குக் கால் வீக்கம் வடியவில்லை, எனக்கு இருமல், இரண்டும் ஆளைக் கொல்லாது. அங்கே டப்ளினில் நீயும் பேரன் அஸ்வினும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை என்றதும் முகத்தைச் சுளிக்காதே, கடைசி வரை படி. போனில் என்றால் டியூட்டிக்கு நேரமாச்சுப்பா என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய், காகிதம் என்றால் நடுவில் வெட்ட முடியாது.

பத்து நாளாக விடாத மழை. மெயின்லேண்ட் கப்பல் இன்னும் வரவில்லை, மார்க்கெட்டில் அழுகின தக்காளிக்கு ஆட்கள் சண்டை போடுகிறார்கள். துணி எதுவும் காயவில்லை, வீடே பூசணம் பிடித்த வாடை. அம்மாவிடம் நீ சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். ஜனவரியில் இங்கே வந்தபோது விழுந்ததிலிருந்து அஸ்வினை ஸ்ட்ரோலர் தள்ளுவண்டியில் உட்கார வைத்தாலே உடம்பை வளைத்துக் கத்துகிறானாம், நீ அந்தக் குளிரில் கிரெச் காப்பகம் வரை இடுப்பில் சுமந்துகொண்டு நடக்கிறாயாம். வார்டில் நோயாளிகளைப் புரட்டிப் போடுகிற முதுகு இதையும் எத்தனை நாள் தாங்கும்? பிள்ளையை மாப்பிள்ளையோடு வெளியே அனுப்புவதே இல்லை என்றாயாம், வண்டிப் பட்டையில் ஒரு க்ளிப்பை ஒழுங்காகப் போடத் தெரியாத மனுஷன் குடும்பத்தை எப்படிப் பார்ப்பார் என்றாயாம், மாப்பிள்ளை மகேஷ்குமாரும் மூன்று வாரமாக நண்பன் வீட்டில் இருக்கிறாராம். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் விட்டுப்போன பழைய வண்டி இங்கேதான் கிடக்கிறது. கோணின முன்சக்கரத்தை நிமிர்த்தி எண்ணெய் விட்டேன். பத்துக் கிலோ அரிசிப் பையை அதில் உட்கார வைத்துப் பட்டையும் போட்டு, மழை தூறலாகக் குறைகிற நேரமெல்லாம் தெருவில் தள்ளிக்கொண்டு போகிறேன். பக்கத்து வீட்டு சுரேந்தர், அங்கிள், சாவல் கோ கஹான் குமானே லே ஜா ரஹே ஹோ என்றான், அரிசியை எங்கே காற்று வாங்கக் கூட்டிப்போகிறேன் என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். பிள்ளைக்கு அதில் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தோளில் போடுகிற பட்டை முறுக்கியிருந்தால் அரிசிப் பையிலேயே தடம் விழுகிறது, பிள்ளைக் கழுத்து என்ன ஆகும்? முறுக்கை எடுத்துவிட்டுப் போடு. பையின் உயரத்துக்குக் குனிந்து முகத்தை வைத்துப் பார்த்தேன், எதிரே வருகிற ஸ்கூட்டரும் நாயும் நேராக மூஞ்சிக்கே வருகின்றன, தள்ளுகிற ஆள் கண்ணிலேயே இல்லை. உன் வண்டியில் சீட் திரும்பும் என்றால் அவன் உன் முகத்தைப் பார்க்கும்படி திருப்பிவிடு. எடுத்த எடுப்பில் வெளியே கிளம்பாதே. வண்டியை வீட்டுக்குள் நிறுத்தி, அவனுடைய கரடிப் பொம்மையை உட்கார வைத்து அவனையே தள்ளச் சொல். இரண்டு நாள் போகட்டும், அவனை உட்கார வைத்து, நகர்த்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசு. அப்புறம் வாசல் வரை, அப்புறம் தெருமுனை வரை. கத்தினால் நிறுத்தி உன் முகத்தைக் காட்டு, தூக்கத் தோன்றினால் தூக்கிக்கொள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. பசியோடு ஏற்றாதே. மழைக்குப் போடுகிற பிளாஸ்டிக் மூடியை மழை நின்றதும் எடுத்துவிடு, உள்ளே புழுங்கும். பஞ்சு வைத்த கோட்டின் மேல் பட்டை போட்டால் இறுகிய மாதிரி தெரியும், உள்ளே தொளதொளவென்று இருக்கும், கோட்டைக் கழற்றிப் பட்டை போட்டு மேலே போர்வையைப் போர்த்து.

ஆனால் பட்டை போடாமல் ஓரடி கூட நகர்த்தாதே. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை ஸ்வப்னா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே, அரிசிப் பையைக் காட்டி இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

கட்சால் தீவில் நம் பக்கத்து லைன் வீட்டில் இருந்த சந்திரமதியை உனக்கு நினைவிருக்காது. சுனாமி அன்று கைப்பிள்ளையைச் சேலையால் முதுகில் இறுகக் கட்டிக்கொண்டு ஓடினாள். தண்ணீரில் முடிச்சு அவிழவில்லை. அவள் மரத்தைப் பிடித்துப் பிழைத்தாள், முதுகில் இருந்தது பிழைக்கவில்லை. நிவாரண கேம்ப்பில் அந்த முடிச்சை அவிழ்த்தது நான்தான், கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு கட்சாலிலிருந்து வந்த நாங்கள் யாரும் தண்ணீர் மேல் போகும்போது பிள்ளையை எதிலும் கட்டி வைப்பதில்லை, படகில் ஏறியதும் கை தானாகப் போய் அவிழ்த்துவிடும். சித்தி ஜெயலட்சுமி வீட்டுக்குப் போக அன்று சாத்தம் படகுத்துறை ஜெட்டியில் பேம்பூஃப்ளாட் போகிற ஃபெர்ரி ஏறினோமே, நீ அம்மாவைக் கைப்பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தாய், மாப்பிள்ளை பையை வைக்கப் போனார், அப்போது அஸ்வினின் போர்வைக்கு உள்ளே கையை விட்டு இரண்டு க்ளிப்பையும் நான்தான் கழற்றினேன். அந்தப் பக்கம் இறங்கும்போது போட்டுவிடலாம் என்றிருந்தேன். இறங்கும்போது ஃபெர்ரியில் பின்னால் நின்ற லாரிக்காரன் ஹார்ன் அடித்தான், கூட்டம் தள்ளியது, மாப்பிள்ளை வந்து வண்டியைப் பிடித்துத் தள்ளினார், இறங்குகிற இரும்புத் தகட்டில் சக்கரம் சிக்கியது. மீதி உனக்குத் தெரியும். நான் க்ளிப் போட்டேனே என்று அவர் சொன்னார், போட்டிருந்தா புள்ள எப்படி விழும் என்று ஜெட்டியே திரும்பிப் பார்க்கக் கத்தினாய். அவர் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். பேரனின் நெற்றியில் ரத்தம். தையல் போட்டு முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன், அப்புறம் ஏர்போர்ட்டில் சொல்லலாம் என்றிருந்தேன். இனி அஸ்வினை என்னிடம் கொடுக்கமாட்டாய் என்ற பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. கோழைத்தனம்தான். போன மாதம் மாப்பிள்ளை எனக்கு போன் செய்தார், ஒருவேளை நான் போடாமலேதான் விட்டுட்டேனோ மாமா, எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு என்றார். செய்யாததைச் செய்ததாக ஒரு மனுஷன் நம்பத் தொடங்கிவிட்டார், அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். உன் அம்மாவிடம் நேற்றுதான் சொன்னேன். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். சாயங்காலம் இந்தப் பேனாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

உன் கோபம் முழுவதும் எனக்கே வர வேண்டியது, அவரிடமிருந்து எடுத்து இந்தப் பக்கம் திருப்பிவிடு. பேரனை இனி என்னிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம், நான் கேட்கமாட்டேன். நீயும் அஸ்வினும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், முருகன் துணை இருக்கட்டும். ஒன்று மறக்காதே, இந்தக் கடிதத்தை நீ வாயால் சொல்லாமல் அப்படியே மாப்பிள்ளை கையில் கொடு. சாத்தத்தில் ஃபெர்ரி ஏறுவதற்கு முன்னால் அவர் குனிந்து பட்டை போட்டார், இரண்டு தடவை க்ளிக் என்று சத்தம் வந்தது, பக்கத்தில் நின்ற என் காதில் விழுந்தது.

உன் அப்பா
க. அழகேசன்