வால்தெமாருக்கு, கார் விஷயமாக

பைசாந்து, உருகுவே,
அக்டோபர் 14

அன்புள்ள வால்தெமார்,

நானும் நம் மகள் யமிலாவும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? சரகோசாவில் குளிர் தொடங்கியிருக்கும். கேரேஜ் தரையில் அட்டை விரிக்காமல் படுத்து வேலை செய்யாதே.

இதைப் போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நம் டாக்சியை விற்றுவிட்டேன். மின்சாரக் கார் வாங்கியிருக்கிறேன். ஆமாம், அதைத்தான். இங்கேயே கிழித்துப் போடாமல் மேலே படி.

நீ இருந்தவரை அந்த வண்டி எவ்வளவு செலவு வைக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. காலையில் மாத்தே டீ குடித்துவிட்டுச் சாவியை எடுப்பேன், ஓடும். ஆயில், பெல்ட், கிளட்ச் எல்லாம் உன் கை பார்த்துக்கொண்டது. பெட்ரோல் வண்டிதான் கட்டுப்படியாகும் என்று ஸ்டாண்டில் பழைய வண்டிக்காரர்கள் பேசுவார்கள், நானும் தலையாட்டுவேன். உன் உழைப்புக்கு யாரும் பில் போடவில்லை என்பது நீ ஸ்பெயினுக்கு வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது. மார்ச்சில் பிரேக், மே மாதம் சைலன்சர். ஜூனில் ஓட்டிய பணம் முழுக்க கிளட்சுக்கே போனது.

ஜூலையில் நடந்ததை உன்னிடம் மறைத்தேன். கெப்ராச்சோ கிராமத்திலிருந்து டயாலிசிசுக்கு வாரம் மூன்று தடவை நான் கூட்டி வருவேனே, அல்சீரா, அவளோடு வந்துகொண்டிருந்தேன். நம் ஊர் ஜூலைக் குளிர் தெரியுமே, வயலெல்லாம் உறைபனி. பாதி வழியில் வாட்டர் பம்ப் போய்விட்டது. சூட்டு முள் சிவப்பைத் தொட்டதும் நீ சொல்லிக்கொடுத்தபடி என்ஜினை நிறுத்தினேன். அதோடு ஹீட்டரும் நின்றது. என் கோட்டையும் அவளுக்குப் போர்த்தினேன். "பதறாதடி, என் ரத்தம் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்" என்று சிரித்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஆதெமாரைத்தான் கூப்பிட்டேன். ஊரில் முதல் மின்சார டாக்சி வாங்கியவன் என்று ஆறு வருடமாக நீ பேசாமல் இருக்கும் அதே ஆதெமாரை. அவனைப் பார்த்து ஒவ்வொருவராக மின்சார வண்டிக்கு மாறியதும், வண்டி வராத ஒர்க்‌ஷாப்பில் நீ ஸ்பேனர்களைத் துடைத்துத் துடைத்து வைத்ததும் எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் வேறு யாரும் போனை எடுக்கவில்லை. இருபது நிமிடத்தில் வந்து அல்சீராவை ஏற்றிக்கொண்டு போனான். அவளை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

மத்தியானம் அவனே திரும்பி வந்து நம் வண்டியைக் கயிறு கட்டி இழுத்தான். "வால்தெமார் கையில இருந்த வரைக்கும் இது ராஜா மாதிரி ஓடுச்சு. இப்ப ஆளாளுக்கு இத வச்சு உன்னைக் கறக்கறாங்க. வித்துத் தொலை, நெலிதா" என்றான். உனக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். "நான்தான் சொன்னேன்னு சொல்லு. ஏற்கெனவே பேசறதில்ல, புதுசா என்ன ஆயிடப் போவுது?"

புது வண்டி சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். ஆறு வருடத் தவணை. இன்சூரன்ஸ் அதிகம். கனமான வண்டி, டயர் சீக்கிரம் தேய்கிறது. குளிர் நாளில் சார்ஜ் சீக்கிரம் கரைகிறது, தனியாக வரும்போது ஹீட்டரை அணைத்துவிடுகிறேன். ஆனால் முன்பு ஒரு நாள் பெட்ரோலுக்குக் கொடுத்த காசில் இப்போது ஒரு வாரம் ஓட்டுகிறேன். இரண்டு மாதமாக பானெட்டைத் திறக்கவே இல்லை. இது உனக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

போன மாதம் ஆதெமாரின் சஸ்பென்ஷன் போனது. நம் தெருக்கள் எந்த வண்டியையும் விடுவதில்லை. மின்சார வண்டி என்றாலே இங்கே தொட ஆளில்லாமல் மொன்டேவிடியோவுக்கு ஏற்றி அனுப்பினான். ஒன்பது நாள் வருமானம் போச்சு. பூட்டிய நம் ஒர்க்‌ஷாப் முன்னால் நின்று, "வால்தெமார் எப்ப வரான்?" என்று கேட்டான். கிறிஸ்துமசுக்கு என்று பொய் சொன்னேன்.

தொழிற்பள்ளியில் மின்சார வண்டிப் பழுது வகுப்பு மார்ச்சில் தொடங்குகிறது, ஆறு மாதம். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயரை எழுதிவிட்டேன். கையெழுத்து உன்னுடையது, அதை நான் போடவில்லை. ஐம்பத்து நாலு வயதில் பையன்களோடு பெஞ்சில் உட்கார வெட்கமாக இருக்கும். டாக்சி ஓட்டிய முதல் வாரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது, போய்விடும்.

பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் தூங்கிப்போகிறேன். யமிலா எழுப்பிச் சாப்பிட வைக்கிறாள். அவளுக்குப் பதினைந்து வயது, அது அவள் வேலையில்லை.

உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். திட்டுவதென்றால் திட்டு, வால்தெமார். ஆனால் வீட்டுக்கு வந்து திட்டு.

உன்,
நெலிதா