கிழக்குப் பார்த்த வீடு

புதன், இரவு.

எங்கள் வாடகை வீட்டில், வாசல் எந்தத் திசை, எவ்வளவு வெயில் விழும் என்பதை வைத்து, ஃபேனுக்கும் ஏசிக்கும் எவ்வளவு கரண்ட் ஆகும் என்று நானும் என் வகுப்பு மேரியும் தனித்தனி லேப்டாப்பில் கணக்கிட்டோம். ஒரே வீடு, இரண்டு விடை. நாளைக்குள் ஒத்துப்போகாவிட்டால் பள்ளிக் கண்காட்சியில் இடமில்லை என்றார் டீச்சர்.

சாயங்காலம் மேரி எங்கள் வாசலில் போனை வைத்துத் திசை பார்த்தாள்.

"இன்னாடி, கிழக்குன்னு போட்டுக்கினு கீற? இது மேற்கு!"

"ஓனர் அப்படித்தான் சொன்னாரு."

"வாடகைக்கு உடறவரு வேற இன்னா சொல்வாரு?"

தினமும் மாலை வெயில் வாசல் வழியாக என் முகத்தில்தான் அடிக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை!

மேரி மேப்பைப் பார்த்து முதலிலேயே மேற்கு என்றுதான் போட்டிருந்தாள்; நானும் திசையை மாற்றினேன். விடைகள் ஒத்துப்போயின. மேரி கத்திய கத்தலில் தெருவே எட்டிப்பார்த்தது.

கண்காட்சி அட்டையில் 'மேற்குப் பார்த்த வீடு' என்று பெரிதாக எழுதிவிட்டேன். ஓனர் மகள் எங்கள் வகுப்புதான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்காமலிருக்கப் போர்வையைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.