உன் பங்கைச் சாப்பிட்ட விருந்தாளி

ஹிரசவா
நவம்பர் 17

அன்பு மகள் சிகுசாவுக்கு அம்மா எழுதுவது. மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது, அடிவாரத்தில் நாங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை எய்ரிக்கும், உன் வயிற்றில் இருக்கிற ஐந்து மாதத்து ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, அம்மா ஏன் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். தொலைபேசியில் சொல்லலாம்தான், ஆனால் நீ அழுவாய், நான் அழுவேன், விஷயம் இருந்த இடத்திலேயே இருக்கும். நீ கேட்டது ஒரே கேள்வி. கோடையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அப்பா வீட்டுக்குள் விடுவாரா, இல்லை பக்கத்து ஊர் நராயில் சத்திரம் பார்த்துத் தங்கி என்னை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டுமா, அப்படியென்றால் எந்தச் சத்திரம் நல்லது என்று கேட்டிருந்தாய். பிறந்த ஊரில் சத்திரம் விசாரிக்கிறாளே என்று அந்தக் கடைசி வரியிலேயே நின்றுவிட்டேன், அடுப்பில் இருந்தது கருகிப்போயிற்று.

அப்பாவை உனக்குத் தெரியாதா. மரக் கிண்ணம் கடைகிற குரோகி வீட்டுப் பையனோடு நிச்சயமான கல்யாணத்தை இரண்டு வாரம் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மீன் தரம் பார்க்கிற வேலை என்று நீ நார்வேக்கு விமானம் ஏறின அன்று, அந்தக் குரோகி முன்னாலேயே "இனிமே அவ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொன்னவர். நாலு பேர் கேட்கச் சொன்ன சொல்லை விழுங்க அவருக்குத் தொண்டை கிடையாது. அன்றிலிருந்து குரோகி வீட்டுப் பக்கமும் போவதில்லை, கிண்ணத்துக்கு மூன்று ஊர் தாண்டிப் போய் வாங்கிவருகிறார். மூன்று வருடமாக உன் பெயர் அவர் வாயில் வரவில்லை. உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் சாப்பிடும்போது, சிகுசாவுக்குக் குழந்தை பிறக்கப் போகுதாம் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கிண்ணத்தை நீட்டினார், நான் சோறு போட்டேன், ஊறுகாயை ஒரு வாய் கடித்துவிட்டு "இந்த வருஷம் புளிப்பு பத்தல" என்றார். அவ்வளவுதான். கல்லில் நார் உரிக்கிற வேலை என்று நானும் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். இதை உனக்கு என்னவென்று எழுதுவது. அதனால்தான் எழுதவில்லை.

ஆனால் போன செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் உன் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ போன மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டில் உனக்கும் ஒரு தட்டு வைக்கிறேன். தூரம் போன பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்று நம் பக்கத்தில் வைப்பதுதானே. உள்ளறையில் நீ உட்காரும் இடத்தில், வடமேற்கைப் பார்த்து, சோறு, மிசோ சூப், ஊறுகாய், அன்று என்ன செய்தேனோ அது. சூப்புக்கு உன் பழைய கறுப்புக் கிண்ணம்தான், மூடியில் செர்ரிப் பூ போட்டது. பிறகு மூடியைத் தூக்கினால் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நிற்க வேண்டும், நின்றால் போன பிள்ளை சுகம். சுடச்சுட ஊற்றி மூடினால் நீர் நிற்காமல் எங்கே போகும், அது எனக்கும் தெரியும், இருந்தாலும் தினம் பார்க்கிறேன். சில நாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கறுப்பு அரக்கில் அந்த நீர் கடல் மாதிரி விரிந்துகொண்டே போகும், அந்தக் கரையில் எங்கோ நீ ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கானாங்கெளுத்திப் பெட்டிகளுக்கு நடுவில் நிற்பாய், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான் போலிருக்கும். ஒரு துளி வழிந்து இன்னொன்றோடு சேரும்போது விழித்துக்கொள்வேன், அதற்குள் சூப் ஆறிப்போயிருக்கும். அப்பா அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒன்றுதான் எனக்குப் புரியாமல் இருந்தது, பூ முன்பக்கம் வருகிற மாதிரிதான் நான் மூடுவேன், எடுக்கப் போகும்போது பூ பக்கவாட்டில் திரும்பியிருக்கும். பூனையின் வேலை என்று அதைத் துடைப்பத்தால் விரட்டுவேன்.

சுற்றுலாக் கூட்டம் செவ்வாயும் வெள்ளியும் வருவதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். மலைப்பாதையில் நடந்து வந்து, அப்பாவின் பட்டறையில் அரக்கு வேலை பார்த்து, நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ரயிலுக்குப் போவார்கள். அழைத்துவருகிறவள் ஹயாசே என்று ஒருத்தி, நகோயாக்காரி, நாற்பது வயதிருக்கும், மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத்தான் எப்போதும் வருவாள். அன்று காலை மூடுபனி கூரை வரை இறங்கியிருந்தது. ஆற்றின் சத்தம் இருந்தது, ஆற்றைக் காணவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து முதலில் மஞ்சள் கொடி வந்தது, பிறகு தூக்கத்தில் நடக்கிறவர்கள் போல இரண்டிரண்டு பேராக வந்தார்கள். அதில் முதுகை நிமிர்த்தி நடக்கிற பெண் ஒருத்தி இருந்துவிட்டால் வாசல் வரைக்கும் போய்ப் பார்ப்பேன். நீ இல்லை என்று நன்றாகத் தெரிந்தபின்தான் அடுப்படிக்குத் திரும்புவேன், எல்லாச் செவ்வாயும் இதே கதைதான்.

பட்டறையில் வழக்கமான கூத்து. ஏழு நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அரக்குப் பூசி மேலே கறுப்படித்த சாப்பாட்டுக் குச்சி ஆளுக்கு ஒரு ஜோடி கொடுப்பார் அப்பா. தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் அடியிலிருந்து நிறம் எழுந்து வரும், யாருக்குச் சிவப்பு வரும் யாருக்குப் பச்சை வரும் என்று சொல்ல முடியாது, அந்த நேரம் வயதானவர்களுக்கும் குழந்தை முகம் வந்துவிடுகிறது. பெல்ஜியத்திலிருந்து வந்த யோரிஸ் என்கிற பெரியவர், எழுபது வயது, நம் நிலைப்படியைவிட ஒரு சாண் உயரம், விடாமல் தேய்த்துக் கட்டை தெரிகிற வரைக்கும் போய்விட்டார். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இந்த மனுஷன் குச்சி தேய்க்கிறாரா, கரிச்சட்டி தேய்க்கிறாரா?" என்றார். ஹயாசே முகம் மாறாமல், உங்கள் உழைப்பை ஐயா ரொம்ப மெச்சுகிறார் என்று மொழிபெயர்த்தாளாம், பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தாள். யோரிஸ் எழுந்து அப்பாவைக் குனிந்து வணங்கினார், அப்பாவும் வேறு வழியில்லாமல் வணங்கினார். அரக்கு வெயிலில் காயாது, ஈரமான அலமாரியில் வைத்தால்தான் காயும் என்றதும் ஒரு பெண்மணி நம்பவே மாட்டேன் என்றாள். அப்படியும் சில பிறவிகள் உண்டம்மா, நான் ஒன்றோடு முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்துகிறேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒன்பது பேர் என்று ஹயாசே சொல்லியிருந்தாள், கடைசி நேரத்தில் யோரிஸ் சேர்ந்து பத்தாகிவிட்டது, எனக்குச் சொல்ல மறந்துவிட்டாள். நான் அக்ரூட்டும் மிசோவும் அரைத்துப் பூசிய சோற்றுக் கட்டிகளைக் கரியில் வாட்டிக்கொண்டிருந்தேன், அது கண்ணை எடுத்தால் கருகும். கூடத்தில் ஒரு தட்டு குறைகிறதே என்று ஹயாசே உள்ளறையை எட்டிப் பார்த்திருக்கிறாள். தயாராக ஒரு தட்டு இருந்திருக்கிறது. அக்கா முன்யோசனையாக ஒன்று கூட வைத்திருக்கிறாள் என்று எண்ணி அதைத் தூக்கிக்கொண்டு போய் யோரிஸ் முன்னால் வைத்துவிட்டாள். நகரத்துப் பெண், அவளுக்கு என்ன தெரியும். நான் சுட்டதை எடுத்துக்கொண்டு வரும்போது உன் கிண்ணம் அவர் கையில் இருந்தது, மூடி பாயில் கிடந்தது, சோறு பாதி முடிந்திருந்தது. தினம் கடைசியில் அதை நான்தான் சாப்பிடுகிறேன், ஆனால் உன் முறை முடியுமுன் யாரும் அதில் கை வைத்ததில்லை, அதுவும் நீ இப்படி இருக்கிற நேரத்தில். சாப்பிடுகிறவர் கையிலிருந்து பிடுங்கவும் முடியாது. அந்த நேரம் பார்த்துக் கை கழுவிவிட்டு அப்பா உள்ளே வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். "அது என் பொண்ணு சாப்பாடு!" என்று ஒரு சத்தம் போட்டார் பார், பத்துப் பேரும் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள். "யாரு எடுத்துக் குடுத்தது? நான் இன்னிக்கு மூடியக்கூட இன்னும் திறந்து பாக்கல!"

சிகுசா, அதைக் கேட்டதும் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருடமாக மூடியைத் திருப்பினது பூனை இல்லை. (அன்று சாயங்காலம் அதற்கு ஒரு முழு மீன் வைத்தேன், மனசு கேட்கவில்லை.) யோரிஸ் பதறி எழுந்ததில் தலை நிலைப்படியில் இடித்து வீடே அதிர்ந்தது. ஹயாசே அழுதுகொண்டே என்னைக் கேட்டு அவருக்குச் சொன்னாள், மகள் நார்வேயில் இருப்பதை, வயிற்றில் பிள்ளை இருப்பதை, தட்டு எதற்கு என்பதை. அவர் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு திரும்ப உட்கார்ந்தார். அதுவரை காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் இப்போது மண்டியிட்டு உட்கார்ந்து, மீதிச் சோற்றை மெதுவாக, ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டு முடித்தார். கெண்டியில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை, நாங்கள் எல்லோரும் பூமியை விட்டுக் கொஞ்சம் மேலே மிதப்பது போல இருந்தது. காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டி ஏதோ சொன்னார். ஹயாசே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்க பொண்ணு இன்னிக்கு வயிறு நெறையச் சாப்பிட்டாச்சாம் ஐயா, உள்ள இருக்கிறதும் சாப்பிட்டாச்சாம், ஒரு பருக்கை மிச்சமில்லைங்கிறாரு" என்றாள். இந்த முறை சரியாகத்தான் மொழிபெயர்த்திருப்பாள். அப்பா கிண்ணத்தை வாங்கினார். பாயில் கிடந்த மூடியை எடுத்துத் திருப்பினார். நீர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதை யோரிஸிடம் காட்டினார். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது, இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட அந்த மூடிக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னிடம், "அவர் தலைக்கு ஈரத்துணி குடு, வீங்குது" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

ராத்திரி அதைப் பற்றி மூச்சு விடவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டால் காரியம் கெட்டுவிடும். மறுநாள் மழை. காலைச் சாப்பாடு முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு எங்கோ புறப்பட்டார். எங்கே போனார் என்று பிறகு குரோகியின் மனைவி டோஃபு கடையில் வைத்துச் சொல்லித்தான் தெரிந்தது. குரோகி வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். நூறாம் நாள் குழந்தைக்குச் சோறு தொட்டுவைக்கிற சின்னக் கிண்ணங்கள், பூச்சு இல்லாத மரம், ஒரு செட் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். யார் வீட்டுக் குழந்தைக்கு என்று குரோகி கேட்க, "எம் பேரப்பிள்ளைக்கு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றாராம். குரோகி சிரித்துவிட்டு, "யோவ், என் பையனுக்கே கல்யாணமாகி ரெண்டு பிள்ளை ஆச்சு. நீ இன்னுமா அதத் தலையில சுமந்துக்கிட்டுத் திரியற? உள்ள வாய்யா, நனையுற" என்றாராம். இரண்டு பேரும் மத்தியானம் வரை பேசியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தக் கிண்ணங்களை அடுப்படி மேசையில் வரிசையாக வைத்தார், என் உள்ளங்கையில் அடங்குகிற அளவு, வெறும் மரம், வாசனை இன்னும் போகவில்லை. கெண்டியைப் பார்த்துக்கொண்டே, "ஆணா பொண்ணா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். "அங்க எல்லாம் மிஷின் வெச்சுப் பாத்துச் சொல்றாங்களாமே. கேட்டு எழுது. ஆணுன்னா உள்ளயும் வெளியயும் சிவப்பு, பொண்ணுன்னா வெளிய கறுப்பு. உடனே தெரிஞ்சாத்தான் வேலையத் தொடங்க முடியும். அரக்கு நல்லாக் காயலன்னா பிள்ளை வாய் புண்ணாயிடும்" என்றார். அடிப்பூச்சு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், நிறத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா, இந்த வீட்டில் பிறந்த உனக்குத்தான் தெரியாதா. சத்திரம் பற்றிக் கேட்டிருந்தாளே என்று மட்டும் மெல்ல எடுத்தேன். "சத்திரமா? இந்தச் செட்ட எல்லாம் அங்க யாரு தூக்கிட்டுப் போறது?" என்றார். உன் கேள்விக்குப் பதில் அதுதான், மகளே.

மீன் பெட்டிகளைத் தூக்காதே, குளிர்ந்த கிடங்கில் வெகுநேரம் நிற்காதே, மேலதிகாரி முறைத்தால் முறைக்கட்டும். ஐந்தாம் மாதத்தில் வயிற்றில் கட்டுகிற துணியைக் கோயிலில் வைத்து வாங்கி இதோடு அனுப்புகிறேன், எய்ரிக்குக்குக் கட்டத் தெரியாது, படம் போட்டு வைத்திருக்கிறேன், சிரிக்காமல் கட்டச் சொல். அவனுக்கு எங்கள் ஆசி. மலையும் கடலும் காக்கிற தெய்வங்கள் எல்லாம் உன் பக்கத்திலேயே இருந்து, பிரசவம் கையில் வழுக்குகிற மீன் போலச் சுலபமாக ஆகட்டும், தாயும் பிள்ளையும் நூறு வயது இருங்கள்.

ஒன்றை மறந்துவிடாதே. பதில் எழுதும்போது ஆணா பெண்ணா என்பதை முதல் வரியிலேயே எழுது, நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். தபால்காரர் வருகிற நேரத்தில் அப்பாவுக்கு வாசலில் ஏதாவது வேலை இருக்கிறது இப்போதெல்லாம், கடிதத்தை என் கையில் கொடுக்குமுன் முதல் வரியை அவர் படித்துவிடுவார்.

அன்புள்ள அம்மா,
மித்சுயோ