இலைக்குச் சொன்ன விதிவிலக்கு

ஆவணி 12, வியாழன்.

திருச்சுழி அருகே ஒரு வீட்டுக் கொல்லையில் வளர்ந்திருந்த கஞ்சாச் செடியை இன்று போலீசார் பிடுங்கினர். கிராம நிர்வாக அலுவலராகிய நான் சாட்சி. வலிப்பு நோயுள்ள மகளுக்கு அதன் இலைச்சாற்றைக் கொடுத்து வந்தாள் முத்துமாரி.

“இலை மட்டும்னா கஞ்சாவுல சேராதுன்னு நீங்கதான சார் சொன்னீக?”

சொன்னேன். செடி வளர்ப்பது குற்றமா என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அச்சாறு எவ்வளவு கொடுத்தால் தீங்கு என்பது சிறுமியைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியவில்லை.

சிறுமி அழவில்லை. “வலிப்பு வரும்போதெல்லாம் ஒரு அக்கா வந்து நிக்கும். சாறு குடிச்சதுல இருந்து வரல. இப்ப உங்க பின்னால நிக்குது சார்” என்றாள்.

நான் திரும்பிப் பார்க்காமல் போலீசாரின் பறிமுதல் மகஜரில் கையெழுத்திட்டேன். பெயரை எழுதி முடிக்குமுன் சிறுமி வலிப்பு வந்து விழுந்தாள்.

நான் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.