பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடு

அம்முவின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா? அம்முவின் இருமல் நின்றதா?

நீ கேட்டபடி பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்க்க, விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். சுத்தமான தெரு. அதன் சாக்கடையில் இறங்கி அடைப்பெடுப்பது நாங்கள்தான். அந்தக் கைகளுக்கு அங்கே வீடு தரமாட்டார்கள் என்று தெரியும். அதனால் வீட்டுக்கார அம்மாவிடம், "ஆபீஸ்ல வேலைங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து, எதிரே திறந்திருந்த சாக்கடைக் குழியிலிருந்து என் கூட்டாளி தலையை நீட்டினான்.

"என்ன மாப்ள, தலையெல்லாம் படிய வாரியிருக்க! பொண்ணு பாக்க வந்தியா?"

"தெரிஞ்சவரா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லீங்க. யாரோ."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே இறங்கிவிட்டான். வீடு நமக்குத்தான் என்றார் அந்த அம்மா.

மறுநாள் அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுமுனையை வழக்கம்போல என்னிடம் கொடுத்தான். "எங்க தெருவுல ஒரு வீடு காலியாயிருக்கு. பெரிய மனுசனுக்கு அது சரிப்படாதுல்ல?" என்றான். கயிறு கையில் இருந்ததால் முகத்தை மூடிக்கொள்ளக்கூட முடியவில்லை.

அவன் தெருவிலிருக்கும் அந்த வீட்டைக் கேட்கட்டுமா? மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனால் அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அம்மு பொய் சொல்ல வேண்டியதில்லை.

உடனே எழுது. அம்முவின் உயரத்தை ஒரு நூலில் அளந்து, அந்த நூலையே கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. அவள் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்க்கும் உயரத்தில் ஜன்னலுக்குக் கம்பி வைக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது. நான் போய்ச் சேராமல் அவன் குழிக்குள் இறங்க முடியாது.

உன்,
அம்முவின் அப்பா