சிவப்பு நாடா போட்ட சுவரொட்டி

ஜூன் 2
எங்கள் மலை நகரம் நாரினில் இன்னும் குளிர் விடவில்லை. பதினான்காம் தேதி எங்கள் தையற்கூடத்தில் கண்காட்சி. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வியாபாரிகள் வந்து பள்ளிச் சீருடைகளைப் பார்க்க வேண்டும். ஆளில்லாத கடையில் எந்த வியாபாரி நிற்பான், ஊரையே கூட்ட வேண்டும் என்கிறாள் ஜிப்பார், என் கூட்டாளி. தலையாட்டி வைத்தேன். எனக்கு ஊர் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். அப்பா வர வேண்டும்.

ஜூன் 5
அண்ணன் குபான் மேய்ச்சல் மலைக்குப் போகிறான். அப்பா அங்கேதான், மந்தையோடு. நேரில் போய் அழைக்காதது எங்களுக்குள் அழைப்பே இல்லை. நான் போனால் அவர் கூடாரத்தை விட்டு எழுந்து போய்விடுவார். அதனால் நானே தைத்த மேலங்கியைக் கொடுத்து, அண்ணனை அழைக்கச் சொன்னேன்.

ஜூன் 8
மேலங்கி திரும்பி வந்துவிட்டது.
"என்ன சொன்னாரு?"
"அதேதான். கல்லு விழுந்த எடத்துலதான் கனம்னாரு."
கட்டிக்கொடுத்த பெண் போன வீட்டிலேயே கிடக்க வேண்டுமாம். நான் அந்த வீட்டைவிட்டு வந்து ஆறு வருஷம். இன்னும் அதே கல்.
"அது என் மண்டையில விழுந்துச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?"
"நீயே போய்ச் சொல்லு தாயி. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."
சிரித்தேன். அவன் போனதும் அழுதேன்.

ஜூன் 10
சுவரொட்டி தயார். என் யோசனைதான். நடுவில் என் முகம், படத்தின் மூலையில் குறுக்காக என் சிவப்பு அளவு நாடா. பார்த்ததும் தையல்காரி என்று தெரிய வேண்டாமா? அச்சுக்கடையில் வண்ண மை தீர்ந்துவிட்டதாம். கறுப்பு வெள்ளையிலேயே அடித்துக் கொடுத்தார்கள். பேருந்து நிலையம், சந்தை வாசல் எல்லாம் ஒட்டியாயிற்று. "எல்லா குரூப்புலயும் போட்டுட்டேன் அக்கா. மலையில சிக்னல் கெடைச்சா ஆடுகூடப் பாத்துரும்," என்றாள் ஜிப்பார்.

ஜூன் 14
இன்று நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே கூட்டம். கதவைத் திறந்தால் முதலில் இரண்டு பெண்கள் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு ஓலமிட்டபடி வந்தார்கள். என் பழைய பள்ளித் தோழிகள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கறுப்பு வெள்ளை முகம், மூலையில் கறுத்துப்போன நாடா, கீழே ஒரு தேதி. சாவு வீட்டில் வைக்கிற படமேதான்! போனில் எழுத்தை எவன் படித்தான்? படத்தைப் பார்த்தார்கள், அடுத்தவருக்கு அனுப்பினார்கள்.

ஜிப்பார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்தவர்களும் சிரித்தார்கள், எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியைத் தின்றார்கள், சீருடையைத் தடவிப் பார்த்தார்கள். கூட்டத்தைக் கண்டு வியாபாரிகளும் நின்றார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது தெருமுனையிலிருந்து ஓர் ஆண் குரல். சாவு வீட்டுக்கு வருகிற ஆண்கள் தூரத்திலேயே எடுப்பார்களே, அந்த ஓலம்.

"என் குதிரக்குட்டியே! ஐயோ, என் குதிரக்குட்டியே!"

சின்ன வயதில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். ஆறு வருஷமாகக் கேட்காத குரல். இடுப்பில் கை வைத்து, குனிந்து, தள்ளாடி வந்தார். பின்னால், மலையில் அதே படத்தைப் பார்த்து நம்பிவிட்ட குபானும் ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தான், என் சாவுச் சோற்றுக்கு.

போர்சோக் தட்டோடு வாசலில் நின்றேன். "அப்பா" என்றேன். வேறென்ன சொல்ல?

ஓலம் பாதியில் நின்றது. கன்னமெல்லாம் ஈரம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உசுரோட இருக்க."

"இருக்கேன்ப்பா. உள்ள வாங்க. டீயாவது..."

தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார். "குபான், வண்டியத் திருப்பு."

போய்விட்டார். சாவுக்கென்று கொண்டுவந்ததை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. ஆடு என் வாசலில் கட்டிக் கிடக்கிறது.

ஜூன் 15
நிறைய ஆர்டர். இப்படி ஒரு விளம்பரம் ஊரில் யாருமே செய்ததில்லை என்கிறாள் ஜிப்பார். உண்மைதான். கூப்பிட்டால் வராதவர் செத்தால் வருகிறார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆட்டை அறுக்கலாமா என்று கேட்டாள். நாயே பேயே என்று கத்திவிட்டேன். பாவம்.

செப்டம்பர் 21
குபான் போன் செய்தான். மந்தை கீழே இறங்கிவிட்டதாம்.
"ஆடு எப்படி இருக்குன்னு அப்பா கேக்குறாரு."
"ஆடா, நானா?"
"ஆடுதான்னாரு."
வாசலில் கட்டியிருந்த ஆட்டை எட்டிப் பார்த்தேன்.
"நல்லா இருக்குன்னு சொல்லு. ராத்திரில கொஞ்சம் கத்துது, அவ்வளவுதான்."

அக்டோபர் 19
மறுபடியும் ஆட்டைப் பற்றிக் கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போகப்போகிறேன். எழுந்து போனால் போகட்டும்.

அக்டோபர் 26
போகவில்லை. ஆர்டர் முடியவில்லை. அடுத்த வாரம்.

நவம்பர் 9
காலையில் குபான் போன் செய்தான். "அப்பா போயிட்டாரு."
யார் சொன்னது என்று கேட்டேன். படத்தைத் தப்பாகப் பார்த்திருப்பார்கள் என்றேன். அவன் அழுதான்.

நவம்பர் 12
செய்தி வந்த அன்றே கிளம்பினேன். வாடகை வண்டியை ஊர்த் திருப்பத்திலேயே நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். அங்கிருந்தே எடுத்தேன், "அப்பா! அப்பா!" என்று. சாவுக்காக வீட்டு முன்னால் போட்டிருந்த கூடாரத்துக்கு வெளியே நின்ற ஆண்கள் வழி விட்டார்கள். யாரும் என்னைத் தடுக்கவில்லை. உள்ளே அம்மா கூடாரச் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

கொண்டுபோன ஆட்டைக் குபான் என் கையிலிருந்து வாங்கினான். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது அவனுக்கு.

"நல்லாத்தான் வளத்திருக்க," என்றான்.